ஃபேன் ஓடிய நாட்கள்

நீங்க இப்ப போன்ல வாய்விட்டுப் படிச்சீங்களே, அதை இன்னொரு தாட்டி படிங்க. புங்க எண்ணெய்ல இஞ்சின் ஓட்டுனா டீசலை விடப் புகை கம்மின்னு போட்டிருக்குதுங்களா? எத்தனை பர்சென்ட்டு? பதினேழு. ஆமாங்க, பதினேழுதான், வேற எத்தனை இருக்கும். அந்தப் பதினேழு என்ற லேப்ல எடுத்ததுங்க. இந்தக் கையாலதான் இஞ்சினைச் சுத்தி ஸ்டார்ட் பண்ணுனேன்.

இல்லீங்க, நான் புரொபசர் இல்லீங்க. பேரு மாரப்பன். கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு இஞ்சினீரிங் காலேஜ், பேரு எதுக்கு விடுங்க, அங்க இஞ்சின் லேப்ல டெக்னீஷியன். இருபத்தாறு வருஷம் ஆச்சு, ரிட்டையராக இன்னும் ரெண்டு வருஷம் கெடக்குது. இந்த பஸ்ஸுலதான் காங்கயத்துல இருக்கற மக ஊட்டுக்குப் போறேன். நீங்க தூங்கறதா இருந்தாத் தூங்குங்க, நான் பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன். ரெண்டு மாசமா யாருகிட்டயும் சொல்லலீங்க. ஊட்டுல வாயைத் தொறந்தா, "உங்களுக்கு எதுக்கு அந்தப் பொல்லாப்பு"ன்னு ஒரே பேச்சுல முடிச்சர்றா.

எங்க லேப்ல இருக்கறது ஒத்தை சிலிண்டர் டீசல் இஞ்சினுங்க. முன்னெல்லாம் தோட்டத்துக் கெணத்துமேட்டுல டுப்பு டுப்புன்னு ஓடுமே, அதேதான். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறவங்க ஆளுக்கொரு எண்ணெயைக் கேன்ல புடிச்சுட்டு வருவாங்க. புங்கன், இலுப்பை, வேம்பு, போண்டா சுட்ட பழைய எண்ணெய் கூட வந்திருக்குது. அதை ஊத்தி ஓட்டி, லோடைக் கொஞ்சங் கொஞ்சமா ஏத்தி, புகைக்குழாய்க்குள்ள ஒரு குச்சி மாதிரி கருவியை விட்டு, புகை எத்தனை, ஆக்ஸிஜன் எத்தனை, மத்த கேஸெல்லாம் எத்தனைன்னு குறிப்பாங்க. அப்பறம் அதே இஞ்சினை டீசல்ல ஓட்டி, எது தேவலைன்னு பாப்பாங்க. அவ்வளவுதானுங்க டாக்டர் பட்டம். பேருதான் பெருசு.

இதுல ஃபேன் எங்க வந்துச்சுன்னு கேளுங்க. அங்கதான் எல்லாம் வந்துச்சு.

பன்னண்டு வருஷத்துக்கு முன்னால சென்னியப்பன் சார் புங்க எண்ணெய்ல பண்ணிட்டிருந்தாரு. இப்ப அவருதான் எங்க டிபார்ட்மெண்டுக்கே தலைவர், அப்ப சாதா லெக்சரர். புங்க எண்ணெய் எரிஞ்ச நாத்தம் உங்களுக்குத் தெரியுமுங்களா? கண்ணுல தண்ணி வந்துரும், தொண்டை கசக்கும். எங்க லேப்புக்குப் பின்னாடி எம்.பி.ஏ. கட்டடம். கோட்டு போட்ட வாத்தியாருங்க, ஏசி ரூமு. நாத்தம் போய் அவங்களைத் தாக்கி, அவங்க பிரின்சிபால்கிட்டப் போய் நின்னுட்டாங்க. ஓட்டவே கூடாதுன்னுட்டாரு பிரின்சிபால். சென்னியப்பன் சார் மூஞ்சி தொங்கிப் போச்சு. "மாரப்பா, என்ற படிப்பே போச்சு"ன்னாரு.

நான் விட்டுருவனுங்களா? ஹாஸ்டல் மெஸ்ஸுல சமையக்கட்டுப் புகையை இழுக்கற பழைய ஃபேன் ஒண்ணு கெடந்துச்சு. கழட்டியாந்து, ரிப்பேர் பார்த்து, எங்க புகைக்குழாயோட மறுமுனையில, மொட்டை மாடிக்கு மேல, நானே மாட்டுனேன். சுச்சைப் போட்டா சும்மா ஜிவ்வுன்னு இழுத்து ஆகாசத்துல விட்டுரும். எம்.பி.ஏ. காரங்களுக்கு ஒரு நாத்தமும் இல்லை. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கலீங்க, சொந்த யோசனை. அன்னைலருந்து எண்ணெய் ஓட்டுற நாளெல்லாம் ஃபேன் ஓடும். டீசல் ஓட்டுற நாள்ல போடறதில்லை. எதுக்குப் போடோணும்? டீசல் நாத்தம் எல்லாத்துக்கும் பழகுனது, அதை யாரும் ஒண்ணும் சொல்றதில்லீங்களே.

சார் பாஸாயிட்டாரு. அவருக்கப்பறம் அவருகிட்டயே மூணு பேரு படிச்சு டாக்டராயிட்டாங்க. மொத்தம் நாலு டாக்டருங்க என்ற இஞ்சின்ல. எல்லாத்துக்கும் புகை கம்மி, கம்மி, கம்மி. அவருக்குப் பதினேழுன்னா அடுத்தவருக்குப் பதினாறு, அதுக்கடுத்தவருக்குப் பத்தொம்பது. ஒரு சண்டை இல்லை, ஒரு பேச்சு இல்லை.

அஞ்சாவதா வந்துச்சுங்க பூங்கோதை.

நல்ல அம்மணிங்க, அதுல ஒண்ணும் சொல்றதுக்கில்லை. முப்பத்திரண்டு வயசிருக்கும். வேற காலேஜ்ல வாத்தியார் வேலை, வாரத்துல மூணு நாள் எங்க லேப்புக்கு வரும். ஊட்டுக்காரரு திருப்பூர்ல பனியன் கம்பெனி. நாலு வயசுல ஒரு பொண்ணு. அந்தக் காலேஜ்ல கறாராச் சொல்லிட்டாங்க, இந்த ஜூனுக்குள்ள டாக்டர் பட்டம் வாங்கலைன்னா வேலை இல்லைன்னு. இங்க பதிவு பண்ணுன கெடுவும் அதே ஜூனோட முடியுது. ஏற்கனவே ரெண்டு தாட்டி நீட்டி வாங்குனது, இனி நீட்ட மாட்டாங்க. அப்பேர்ப்பட்ட அவசரத்துல இருக்கற ஆளு எப்படி இருக்கோணும்? எழுதுனமா, குடுத்தமா, போனமான்னு இருக்கோணுமில்ல? இது ஒரே அளவை மூணு தாட்டி எடுக்கும். மூணும் ஒத்து வரலைன்னா நாலாவது தாட்டி எடுக்கும். நான் நின்னு நின்னு கால் வீங்கிப் போயிரும். "அண்ணா, ஒரே ஒருக்கா, கடைசி"ன்னு சொல்லும். கடைசியே வராது.

ரெண்டு வருஷம் இப்படியே எல்லாம் எடுத்து முடிச்சாச்சு. எழுதிக் குடுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்ப ஒரு நாள் ஒரு பேப்பரைத் தூக்கிட்டு வருது. "அண்ணா, ஆக்ஸிஜன் எச்சா இருக்குது"ங்குது. இருந்தா இருந்துட்டுப் போகட்டும் அம்மணி, ஆக்ஸிஜன் நல்லதுதானேன்னேன். சிரிக்கலைங்க. "உள்ள போன காத்து இத்தனை, எரிஞ்ச எண்ணெய் இத்தனை. அப்ப வெளிய வர்ற புகையில ஆக்ஸிஜன் பத்துக்குள்ளதான் இருக்கோணும். மீட்டர் பதினாலு காட்டுது. டீசல் ஓட்டறப்பச் சரியாக் காட்டுது, எண்ணெய் ஓட்டறப்ப மட்டும் ஏறுது. எங்கியோ வெளிக்காத்து கலக்குது அண்ணா"ங்குது.

லேப்ல ஆயுத பூசைக்கு வெச்ச சாமி படம் ஒண்ணு மாட்டியிருக்குதுங்க. அதுக்குக் கீழ ஊதுபத்திக் கட்டு இருக்கும். அதுல ஒண்ணைப் பத்த வெச்சு, புகைக்குழாயில ஜாயிண்ட் ஜாயிண்டாக் காட்டிட்டே வந்துச்சு. இஞ்சினுக்குப் பக்கத்துல, கருவி விடற எடத்துக்கு முன்னாலயே நெளிநெளியா ஒரு ஜாயிண்ட் இருக்குது, இஞ்சின் குலுங்கறதைத் தாங்கறதுக்காகப் போட்டது. அந்த எடத்துல ஊதுபத்திப் புகை உள்ள போவுதுங்க. நூல் புடிச்ச மாதிரி உள்ள போவுது. "ஃபேனை நிறுத்துங்க அண்ணா"ன்னுச்சு. நிறுத்துனேன். ஊதுபத்திப் புகை நேரா மேல போச்சு. "போடுங்க." போட்டேன். மறுக்கா உள்ள போச்சு.

ஃபேனை நிறுத்தி வெச்சுட்டு முழு லோடுல புங்க எண்ணெய்ப் புகையைப் பாத்துச்சு. அறுபத்தொண்ணு. ஃபேனைப் போட்டா நாப்பத்திமூணு. டீசலுக்கு எப்பவும் அம்பத்திரண்டு.

உங்களுக்குப் புரியுதுங்களா? ஃபேன் இல்லைன்னா புங்க எண்ணெய் டீசலை விட எச்சாப் புகையுது. அந்தப் பதினேழு எண்ணெயோடது இல்லியாம், ஃபேனோடதாம். நான் அன்னைக்கும் சொன்னேன், இப்பவும் சொல்றேன். ஃபேன் மொட்டை மாடியில, கருவி இஞ்சின் பக்கத்துல. எங்கியோ இருக்கற ஃபேன் இங்க என்னத்தைப் பண்ணும்? ஊதுபத்திப் புகை காத்தடிக்கற பக்கம் போகும். அதை வெச்சு நாலு டாக்டரைப் பொய்யாக்கறதா? அம்மணி அப்படியே ஸ்டூலுல உக்காந்துருச்சு. "ரெண்டு வருஷம் அண்ணா"ன்னுச்சு. என்னை ஒரு வார்த்தை சொல்லலை.

சென்னியப்பன் சார்கிட்டப் போச்சு. சார் பொறுமையான மனுசன், சத்தம் போட மாட்டாரு. "பூங்கோதை, கெடு நெருங்கிருச்சு, இருக்கற ரீடிங்கைப் போட்டுக் குடும்மா, நாலு தீசிஸ்ல வந்தாப்லயே உனக்கும் வந்திருக்குது, யாரு கேக்கப் போறாங்க"ன்னாரு. நல்ல வார்த்தைதானுங்களே அது? கேட்டிருந்தா இன்னைக்கு அதுவும் டாக்டரு. மாட்டேன்னுருச்சு. "தெரியாம இருந்திருந்தாப் போட்டிருப்பேன் சார், தெரிஞ்சுருச்சே"ங்குது. யுனிவர்சிட்டிக்கே எழுதிப் போட்டுருச்சு. அவங்க கமிட்டி போட்டுட்டாங்க.

இங்கதானுங்க அந்த நோட்டு வருது.

நான் லேப்ல ஒரு நோட்டு எழுதுவேன். யாரும் எழுதச் சொல்லலை. தேதி, யாரு ஓட்டுனாங்க, என்ன எண்ணெய், எத்தனை மணியிலருந்து எத்தனை மணி வரைக்கும், இஞ்சின் ஆயில் எப்ப மாத்துனது. கடைசியில ஃபேன் எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு. அது பழைய மோட்டாருங்க, இருநூறு மணிக்கு ஒருக்கா கிரீஸ் வெக்கோணும், இல்லைன்னா பேரிங் கத்தும், அதுக்குத்தான் எழுதறது. பன்னண்டு வருஷம், மூணு தடி நோட்டு. ஒரு நாள் உட்டுப் போயிருக்காது. நான் லீவு போட்ட நாலு நாள் அந்த அம்மணியே எழுதியிருக்குது, அதோட கையெழுத்து குண்டு குண்டா அழகா இருக்கும்.

அம்மணிக்கு அந்த நோட்டு ஏன் வேணும்னா, நடுவுல நாலு மாசம் ஃபேன் ஓடவேயில்லீங்க. மோட்டார் எரிஞ்சு போய், காயில் கட்டறதுக்கு ஆபீஸ்ல கையெழுத்தாகாம இழுத்துட்டுக் கெடந்துச்சு. லீவு நாளு, எம்.பி.ஏ. இல்லாத நாளுன்னு பாத்துப் பாத்து ஓட்டுனோம். எண்ணெயையும் டீசலையும் கலந்து ஓட்டுன அளவு முழுக்க அந்த நாலு மாசத்துல எடுத்ததுதான், அதனாலதான் தனி எண்ணெயோட ஒத்துப் பாக்கத் தோணலை; எல்லாம் சரியான ரீடிங்கு. பாதிக்கு மேல தேறிரும். மிச்சத்தை மட்டும் மறுக்கா எடுத்தா ஜூனுக்குள்ள முடிச்சிரலாம். ஆனா கமிட்டி, வாயால சொன்னாச் செல்லாது, எந்த நாள் ஓடுச்சு எந்த நாள் ஓடலைன்னு எழுத்துல காட்டுங்கன்னுட்டாங்க.

கமிட்டி நேர்ல வர்றதுக்கு மொத நாள் சென்னியப்பன் சார் என்னை ரூமுக்குக் கூப்புட்டாரு. டீ சொன்னாரு. உக்காருன்னாரு. இருபத்தாறு வருஷத்துல அவரு ரூமுல நான் உக்காந்ததில்லை. "மாரப்பா, பழைய நோட்டெல்லாம் லேப்ல கெடந்தாக் கரையான் புடிக்கும், ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு"ன்னாரு. அவ்வளவுதானுங்க. மறைன்னு சொன்னாரா? இல்லை. பொய் சொல்லுன்னு சொன்னாரா? இல்லை. கரையானைப் பத்திச் சொன்னாரு. அப்பறம், "உன்ற பையன் ஆபீஸ்ல நல்லா வேலை செய்யறானாமா"ன்னு கேட்டாரு. அவன் அவரு போட்டுக் குடுத்த வேலையிலதான் இருக்கறான். அவரு ஓட்டுன நாளும் அந்த நோட்டுல இருக்குதுங்க, பன்னண்டு வருஷத்துக்கு முந்தி, மொத பக்கத்துல. புங்க எண்ணெய், சென்னியப்பன், ஃபேன் நாலு மணி நேரம்னு என்ற கையெழுத்துல.

நான் எடுத்துட்டுப் போயிட்டேன். பீரோ மேல வெச்சேன்.

மக்கா நாள் கமிட்டி. வெளியூர்லருந்து ரெண்டு பேரு, சென்னியப்பன் சாரு, ஓரமா அந்த அம்மணி. என்னைக் கூப்புட்டாங்க. ஒரு பெரியவரு கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டாரு, "மாரப்பன், ஃபேன் ஓடுன நாளுக்கு ரெக்கார்டு எதாச்சும் இருக்குதா?"

"லேப்ல அப்படி எதும் இல்லீங்க சார்"ன்னேன்.

நீங்களே சொல்லுங்க, அது பொய்யுங்களா? லேப்ல இல்லீங்களே, ஊட்டுலதானே இருக்குது. கேட்டதுக்குச் சரியாத்தானே சொன்னேன்?

அந்தப் பெரியவரு அம்மணி பக்கம் திரும்புனாரு. "நீங்க ரெக்கார்டு இருக்குன்னு எழுதியிருக்கீங்களேம்மா, இவரு இல்லைங்கறாரே"ன்னாரு. அம்மணியே அந்த நோட்டுல எழுதியிருக்குதுங்க. அதோட கையெழுத்தே அதுல இருக்குதுங்க. "பொய் சொல்றாரு, நான் பாத்தேன், நானே எழுதுனேன்"னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நானும் மனசுக்குள்ள பதில் தயார் பண்ணிட்டேன்.

அது என்னை ஒரு பார்வை பாத்துச்சு. கோவப் பார்வை இல்லை. கணக்குப் பாக்கற மாதிரி, என்ற சட்டை, என்ற கை, என்ற செருப்பு எல்லாத்தையும் பாத்துச்சு. அப்பறம், "அண்ணன் இல்லைன்னு சொன்னா இருக்காதுங்க சார், நான் எல்லாத்தையும் மறுபடி எடுத்துக்கறேன்"னுருச்சு.

எதுக்குங்க அப்படிச் சொல்லோணும்? யாரு கேட்டா இந்தப் பெருந்தன்மையை?

அப்பறம் அஞ்சு வாரம் இருந்துச்சு. ஃபேனைக் கழட்டியாச்சு. ஃபேன் இல்லைன்னா நாத்தம், எம்.பி.ஏ. காரங்க மறுக்கா வந்துட்டாங்க. கிளாஸ் முடிஞ்சு நாலு மணிக்கு மேலதான் ஓட்டலாம்னு உத்தரவு. ஆறு மணிக்கு அது பஸ் ஏறோணும், பொண்ணு காத்துட்டிருக்கும். ரெண்டு மணி நேரத்துல இஞ்சின் சூடேறவே அரை மணி. இதுல புங்க எண்ணெய் பிசின் மாதிரிப் படிஞ்சு, எண்ணெய் பீச்சற முனை ரெண்டு தாட்டி அடைச்சுப் போச்சு. நானே கழட்டிச் சுத்தம் பண்ணிக் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை கூட வந்தேன். எத்தனை வேணும்னாலும் செஞ்சேனுங்க, நோட்டைத் தவிர.

கொண்டு வந்து குடுத்திருக்கலாமேன்னு உங்க மூஞ்சி சொல்லுது. நெனைக்காமலா? தெனமும் காலையில பீரோவைப் பாப்பேன். நாளைக்குப் பாத்துக்கலாம்பேன். இல்லைன்னு சொன்ன நோட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டா என்னத்தைச் சொல்ல? பையன் வேலை என்னாகும்? அம்மணி கேட்டிருந்தாக் குடுத்திருப்பனுங்க. "அண்ணா, அந்த நோட்டு"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சத்தியமாச் சொல்றேன், குடுத்திருப்பேன். கேக்கவே இல்லை. தெனமும் நாலு மணிக்கு வரும், "அண்ணா, ஆரம்பிக்கலாமா"ன்னு எப்பவும் போலச் சிரிச்சுட்டுக் கேக்கும். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டாலே பத்திட்டு வரும்.

போன வியாழக்கிழமை கெடு முடிஞ்சுது. பாதி கூட எடுத்து முடியலை. டாக்டர் பட்டமும் போச்சு, அந்தக் காலேஜ் வேலையும் போச்சு. அன்னைக்கும் வந்து, அளவுக் குழாயெல்லாம் கழுவிக் கவுத்து வெச்சு, இஞ்சினைத் துணி போட்டுத் துடைச்சுட்டு, பையிலருந்து ஒரு தாளை எடுத்து என்ற கையில குடுத்துச்சு. "தீசிஸ்ல போடறதுக்கு எழுதுனது அண்ணா, இனி போட எடமில்லை, நீங்களே வெச்சுக்கங்க"ன்னுட்டு, போயிட்டு வர்றேன்னு போயிருச்சு.

இந்தாங்க, சட்டைப் பையிலயே வெச்சிருக்கறேன். தீசிஸ்ல மொத பக்கத்துல நன்றின்னு ஒரு பக்கம் இருக்கும், இங்கிலீஷ்ல கைடு பேரு, பிரின்சிபால் பேருன்னு போடுவாங்க. இதைத் தமிழ்ல எழுதியிருக்குது, நான் படிக்கோணும்னு. கேளுங்க. "இந்த ஆய்வுக்கூடத்தில் நடந்ததை நடந்தபடியே, ஒரு நாள் தவறாமல் எழுதி வைத்த மாரப்பன் அண்ணனுக்கு என் முதல் நன்றி."

தேதி போடலீங்க. அதான் எனக்குத் தூக்கமே புடிக்கறதில்லை. கமிட்டிக்கு முன்னாடி எழுதுனதுன்னா ஒண்ணுமில்லை, மனசாரச் சொன்னது, எல்லாரும் எழுதற மாதிரி எழுதியிருக்குது. பின்னாடி எழுதுனதுன்னா? போன் பண்ணிக் கேக்கலாம், நம்பர் இருக்குது. என்னன்னு கேக்கறது? ரெண்டு திட்டுத் திட்டியிருந்தா நானும் ரெண்டு பேசிட்டு மறந்திருப்பேன்.

நீங்க படிச்சவரு மாதிரித் தெரியறீங்க. கண்ணாடியைப் போட்டுட்டு நல்லாப் பாருங்க. மை கொஞ்சம் மங்குன மாதிரி இல்லீங்களா? ஓரத்துல பழுப்பேறியிருக்குதுங்களே, பாருங்க. முன்னாடி எழுதுனதுதானுங்களே?